புள்ளியியலுக்கு நேர்வழி: அமெரிக்கக் கம்யூனிட்டி கல்லூரிகள் கணக்குப் பாடத்தை மாற்றிய கதை

நர்ஸிங் படிக்க வரும் மாணவிக்கு இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தத் தெரிந்திருக்க வேண்டுமா? உளவியல் படிக்க வருபவருக்கு? அமெரிக்கக் கம்யூனிட்டி கல்லூரிகளில் பல பத்தாண்டுகளாக இதற்கு 'ஆமாம்' என்றுதான் பதில் இருந்தது. யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அல்ல, பாடத்திட்டம் அப்படியே வளர்ந்துவிட்டது. அந்தப் பதிலைச் சிலர் கேள்வி கேட்கத் தொடங்கியபோது உருவானதுதான் துரிதப் புள்ளியியல் பாதை. அது என்ன, ஏன் வந்தது, அதை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

கம்யூனிட்டி கல்லூரி என்பது அங்கே இரண்டு வருடக் கல்லூரி. நம்மூரில் அந்தப் பெயரில் நடக்கும் தொழிற்பயிற்சி மையங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்டணம் குறைவு, கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையனும் வருவான், இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டு நாற்பது வயதில் படிப்பைத் தொடர நினைக்கும் அம்மாவும் வருவார். இரண்டு வருடம் முடித்தால் அசோசியேட் பட்டம் கிடைக்கும், அல்லது பல்கலைக்கழகத்துக்கு மாறி மூன்றாம் ஆண்டில் சேரலாம். கலிபோர்னியாவில் மட்டும் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமென்றால் கல்லூரித் தரத்தில் ஒரு கணக்குப் பாடமாவது பாஸ் செய்திருக்க வேண்டும். பொறியியல், இயற்பியல் பக்கம் போகிறவர்களுக்கு அது கால்குலஸை, அதாவது நுண்கணிதத்தை, நோக்கிய பாடம். நர்ஸிங், உளவியல், சமூகவியல், அரசியல் அறிவியல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் புள்ளியியல் போதும்.

புள்ளியியல் போதும், சரி. ஆனால் அந்த வகுப்புக்குள் நுழைவதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஏணியின் கணக்கு

அந்த நாட்களில் கல்லூரியில் சேரும்போது ஒரு தரப்படுத்தும் தேர்வு வைப்பார்கள். அக்கியூப்ளேசர், காம்பஸ் இரண்டும் பெயர்பெற்றவை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். பலர் எந்தத் தயாரிப்பும் இல்லாமல், அந்தத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்றுகூடத் தெரியாமல் போய் எழுதினார்கள். மதிப்பெண்ணைப் பொறுத்து ஏணியில் ஒரு படி ஒதுக்கப்படும். கீழ்ப்படி எண்கணிதம். அதற்கு மேல் முன்-இயற்கணிதம், அப்புறம் தொடக்க இயற்கணிதம், அப்புறம் இடைநிலை இயற்கணிதம். இவை எல்லாம் ரெமீடியல் வகுப்புகள். பள்ளியில் கற்றிருக்க வேண்டியதை மறுபடியும் கற்பிப்பவை. ஒவ்வொன்றும் ஒரு செமஸ்டர். காசு கட்ட வேண்டும், நேரம் கொடுக்க வேண்டும், ஆனால் பட்டத்துக்கான கிரெடிட்டில் பொதுவாகச் சேராது. இவற்றையெல்லாம் ஏறி முடித்தால்தான் புள்ளியியல்.

இங்கே ஒரு சின்னப் பெருக்கல் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, கணக்கின் போக்குதான் முக்கியம். முன்-இயற்கணிதத்தில் 100 பேர் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் 70 சதவீதம் பேர் பாஸ் செய்கிறார்கள், பாஸ் செய்தவர்களில் 80 சதவீதம் பேர் அடுத்த வகுப்பில் சேருகிறார்கள். இரண்டுமே மோசமான எண்கள் இல்லை. முதல் வகுப்பு முடிந்து அடுத்ததில் உட்காருபவர்கள் 56 பேர். அதற்கடுத்ததில் 31 பேர். புள்ளியியல் வகுப்புக்கு வந்து சேருபவர்கள் 18 பேருக்குள். அதில் பாஸ் ஆகி வெளியே வருபவர்கள் 12 பேர்.

சரி, ஆசிரியர்கள் மாய்ந்து மாய்ந்து உழைத்துத் தேர்ச்சியை 90 சதவீதமாக உயர்த்திவிட்டார்கள், அடுத்த வகுப்பில் சேருபவர்களும் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் எந்தக் கல்லூரியிலும் பார்க்க முடியாத எண்கள் இவை. அப்போதும் கடைசியில் மிஞ்சுபவர்கள் 48 பேர்தான். பாதிக்கும் குறைவு! ஒவ்வொரு வகுப்பும் நன்றாக நடந்தாலும் மொத்த ஏற்பாடு ஆட்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும். துரிதப் பாதையின் மூல யோசனை முழுக்க இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது: வகுப்புகளைச் செம்மைப்படுத்திக்கொண்டிருப்பதைவிட வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது பல மடங்கு பலன் தரும்.

நிஜ நிலவரமும் இதை ஒட்டியே இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் இயங்கும் கம்யூனிட்டி கல்லூரி ஆய்வு மையம் 2010ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கணக்கில் ரெமீடியலுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர்தான் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட ரெமீடியல் வரிசையையே முடித்திருந்தார்கள். அந்த ஆய்வில் இன்னொரு விஷயம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஃபெயில் ஆகியோ பாதியில் விட்டோ வெளியேறியவர்களைவிட, முதல் வகுப்பிலோ அடுத்த வகுப்பிலோ சேராமலே போனவர்கள்தான் அதிகம். வேலை மாறுகிறது, குழந்தைக்கு உடம்பு சரியில்லை, பஸ் நேரம் ஒத்துவரவில்லை. இரண்டு செமஸ்டருக்கு நடுவிலுள்ள விடுமுறை ஒவ்வொன்றும் வாழ்க்கை குறுக்கே புகுவதற்கான ஒரு வாசல். படிகள் கூடக்கூட வாசல்களும் கூடும்.

தரப்படுத்தும் தேர்வின் மீதும் சந்தேகம் வந்தது. அதே மையத்திலிருந்து 2012ல் வந்த ஆய்வுகள், கணக்கில் தேர்வு எழுதியவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் மோசமாகத் தவறான படியில் வைக்கப்பட்டிருக்கலாம் என்று காட்டின. நேராகக் கல்லூரிப் பாடத்துக்குப் போனாலே நன்றாகத் தேறியிருக்கக் கூடியவர்களும் அதில் அடக்கம். ஒரு மணி நேரத் தேர்வைவிட, நான்கு வருடம் பள்ளியில் வாங்கிய மதிப்பெண் சராசரி மாணவரைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பது பின்னர் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிவு. காம்பஸ் தேர்வை அதை நடத்திய நிறுவனமே 2016ல் நிறுத்திவிட்டது.

கடைசியிலிருந்து தொடங்குவது

படியைக் குறைப்பது என்றால் பாடத்தை வெட்டி எறிவதா? கணக்கு ஆசிரியர்கள் பலர் முதலில் அப்படித்தான் பயந்தார்கள். பயத்தில் நியாயமும் உண்டு. ஆனால் நல்ல துரிதப் பாதையை வடிவமைத்தவர்கள் வெட்டும் வேலையில் இறங்கவில்லை. புள்ளியியல் பாடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, 'இதைக் கற்க உண்மையில் என்னென்ன கணக்கு தெரிந்திருக்க வேண்டும்?' என்று பின்னோக்கிப் பட்டியல் போட்டார்கள்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு கல்லூரியில் 150 மாணவர்களை ஏதேச்சையாகத் தேர்ந்தெடுத்து, 'வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலைக்குப் போகிறீர்களா?' என்று கேட்கிறோம். 60 பேர் ஆமாம் என்கிறார்கள். அப்படியென்றால் கல்லூரி முழுவதிலும் எத்தனை சதவீதம் பேர்? மாதிரியில் 60ஐ 150ஆல் வகுத்தால் 0.4. இந்த மதிப்பு எவ்வளவு தூரம் தள்ளாடக்கூடும் என்று காட்டுவது திட்டப் பிழை. அதன் சூத்திரம் சொல்வது இதுதான்: விகிதத்தையும், ஒன்றிலிருந்து அந்த விகிதத்தைக் கழித்ததையும் பெருக்கு, மாதிரியின் அளவால் வகு, வர்க்கமூலம் எடு. 0.4 பெருக்கல் 0.6 என்றால் 0.24. அதை 150ஆல் வகுத்தால் 0.0016. வர்க்கமூலம் 0.04. இரண்டு மடங்கு திட்டப் பிழையை இரு பக்கமும் கொடுத்தால், உண்மையான விகிதம் 0.32க்கும் 0.48க்கும் நடுவில் இருக்கும் என்று சுமார் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம்.

இதில் என்னென்ன கணக்கு வந்தது? பின்னம் தசமமானது. தசமப் பெருக்கல், வகுத்தல், எதை முதலில் செய்ய வேண்டும் என்கிற செயல்வரிசை, சூத்திரத்தில் மதிப்பைப் பொருத்துவது, வர்க்கமூலம், எண்கோட்டில் ஓர் இடைவெளியைக் குறிப்பது, அதைச் சமனின்மையாக எழுதுவது. எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இங்கும் அங்கும் சிதறிக் கிடக்கும் விஷயங்கள்தான். விகிதமுறு கோவைகளைச் சுருக்குவது வரவில்லை. இருபடிக் கோவையின் காரணிகள் வரவில்லை. கலப்பெண்ணும் மடக்கையும் கிட்டவே வரவில்லை. இடைநிலை இயற்கணிதத்தின் பெரும்பகுதி இந்த வராத விஷயங்கள்தான். என்ன குழம்பு வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் மளிகைக் கடை முழுவதையும் வாங்கி வரச் சொன்னதுபோல இருந்தது பழைய ஏற்பாடு.

மறுபக்கம், புள்ளியியலுக்குத் தேவையாக இருந்தும் பழைய ஏணி சரியாகச் சொல்லித்தராத சங்கதிகள் உண்டு. வரைபடத்தைப் பார்த்து அது என்ன சொல்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் எழுதுவது, நூறில் எட்டு என்பதையும் பன்னிரண்டில் ஒன்று என்பதையும் ஒப்பிடுவது, ஒரு எண்ணைப் பார்த்ததும் 'இது சாத்தியமா?' என்று சந்தேகப்படுவது. நேர்கோட்டுச் சமன்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கணித வகுப்பில் சாய்வு என்பது இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் கண்டுபிடிக்க வேண்டிய ஓர் எண். புள்ளியியலுக்கான வகுப்பில் பழைய கார்களின் விவரத்தைக் கொடுத்து, விலை என்பது 18,000 டாலரிலிருந்து காரின் வயதை 1,500ஆல் பெருக்கிக் கழித்தது என்று கோடு போட்டுக்காட்டி, 1,500 என்பது என்ன என்று கேட்பார்கள். வருடத்துக்கு அவ்வளவு விலை இறங்குகிறது என்று மாணவரே சொல்லிவிடுவார். அடுத்து 15 வருடக் காரின் விலையைக் கேட்டால் கழித்தல் 4,500 டாலர் என்று விடை வரும். காரை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு நாம் காசு கொடுக்க வேண்டுமா என்று வகுப்பு சிரிக்கும். தரவு இல்லாத இடத்துக்குக் கோட்டை இழுத்தால் என்ன ஆகும் என்கிற பாடம் அங்கே முடிந்துவிடும்.

மூன்று வடிவங்கள்

இந்த யோசனை களத்தில் வெவ்வேறு உருவம் எடுத்தது. கலிபோர்னியாவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள லாஸ் மெடானோஸ் கல்லூரியில் கணக்குப் பேராசிரியர் மைரா ஸ்னெல் 2009ல் 'பாத் டு ஸ்டாட்ஸ்' என்று ஒரு வகுப்பைத் தொடங்கினார். ஏணியில் எந்தப் படியில் ஒதுக்கப்பட்டவரும் அதில் சேரலாம். ஒரே செமஸ்டர், ஆனால் வாரத்துக்கு அதிக மணி நேரம். அதை முடித்தால் அடுத்த செமஸ்டரில் புள்ளியியல். அந்த முதல் செமஸ்டரிலேயே தரவு, வரைபடம் என்று புள்ளியியல் வாசனை அடிக்கத் தொடங்கிவிடும். 2010ல் அவரும் சபோ கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் கேட்டி ஹெர்னும் சேர்ந்து கலிபோர்னியா ஆக்ஸிலரேஷன் ப்ராஜெக்ட் என்ற அமைப்பை உருவாக்கி, மற்ற கல்லூரி ஆசிரியர்களுக்கும் இதைப் பழக்கினார்கள்.

இரண்டாவது, கார்னகி அறக்கட்டளையின் 'ஸ்டாட்வே'. ரெமீடியலையும் கல்லூரிப் புள்ளியியலையும் கலந்து ஒரே வருடத் தொடராகப் பின்னியது இது. 2011-12 கல்வியாண்டில் வகுப்புகள் தொடங்கின. அந்தக் கல்லூரிகளில் பழைய ஏணியில் ஏறிய மாணவர்களில் ஒரு வருடத்துக்குள் கல்லூரிக் கணக்குக் கிரெடிட் வாங்கியவர்கள் சுமார் 6 சதவீதம் மட்டுமே. ஸ்டாட்வேயின் முதல் அணியில் அது 51 சதவீதம்.

மூன்றாவது வடிவம்தான் இப்போது பரவலாக இருப்பது. கோ-ரெக்விசிட் என்கிறார்கள். தயாரிப்பு வகுப்பை முன்னால் வைக்காமல் பக்கத்தில் வைப்பது. மாணவர் முதல் செமஸ்டரிலேயே கல்லூரிப் புள்ளியியலில் உட்காருகிறார். கூடவே வாரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் துணை வகுப்பு. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் செவ்வாய்க்கிழமை வருகிறது என்றால், திங்களன்று துணை வகுப்பில் கழித்தல் குறியுள்ள எண்களை வர்க்கப்படுத்துவதைப் பார்த்துவிடுவார்கள். தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவுக்கு. டென்னஸி மாநிலம் 2015ல் தன் கம்யூனிட்டி கல்லூரிகள் எல்லாவற்றிலும் இந்த முறைக்கு மாறியது.

'ஆர்வமுள்ள மாணவர்களும் நல்ல ஆசிரியர்களும் அங்கே போயிருப்பார்கள், அதனால்தான் வெற்றி' என்று யாரும் கேட்கலாம். புள்ளியியல் படித்தவர் கட்டாயம் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் சோதனை நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2013ல் அதன் மூன்று கம்யூனிட்டி கல்லூரிகளில், தொடக்க இயற்கணிதம் தேவை என்று குறிக்கப்பட்ட 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். எடுத்துக்கொண்ட படிப்புக்கு மேல்நிலை இயற்கணிதம் தேவைப்படாத மாணவர்கள் இவர்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான தொடக்க இயற்கணிதம். இன்னொன்றுக்கு அதோடு வாராந்திரப் பயிலரங்கும். மூன்றாவது குழு நேராகக் கல்லூரிப் புள்ளியியலுக்குப் போனது, பயிலரங்கோடு. அதே ஆசிரியர்கள் மூன்று வகையையும் நடத்தினார்கள். தேர்ச்சி முறையே 39, 45, 56 சதவீதம். கடினமான பாடம் என்று சொல்லப்பட்டதில்தான் அதிகம் பேர் பாஸ்! மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது புள்ளியியல் குழுவில் 25 சதவீதம் பேர் பட்டம் வாங்கியிருந்தார்கள், இயற்கணிதக் குழுவில் 17 சதவீதம்.

வகுப்பறைக்குள்

பாடத்திட்டத்தைத் திருத்துவது எளிது. அதை நடத்துவதுதான் வேலை. இந்த மாணவர்களில் பலர் கணக்கில் பல வருடம் அடிவாங்கியவர்கள். கரும்பலகையில் சூத்திரத்தைப் பார்த்தாலே மனசு மூடிக்கொள்ளும். அதனால் துரித வகுப்புகளில் விரிவுரை குறைவு. மூன்று நான்கு பேராக உட்கார்ந்து ஒரு தரவுத் தொகுப்பைக் குடைவார்கள். ஆசிரியர் விடையை உடனே சொல்லமாட்டார். சற்றுநேரம் திணறவிடுவதும் திட்டத்தின் ஒரு பகுதி. முதல் வாரங்களில் சின்னச் சின்ன மதிப்பீடுகள், திருத்தி மறுபடி எழுத வாய்ப்பு, இரண்டு நாள் வராதவருக்கு ஒரு போன். பெருக்கும் கூட்டும் வேலையை ஸ்டாட்க்ரஞ்ச் போன்ற மென்பொருளிடம் விட்டுவிட்டு, விடைக்கு அர்த்தம் சொல்வதை மாணவரிடம் கேட்பார்கள்.

ஆசிரியருக்கும் இது புதுசு. கணக்கில் முதுகலை முடித்த பலர் புள்ளியியலை ஆழமாகப் படித்ததே கிடையாது. வருடக்கணக்கில் இயற்கணிதம் நடத்திய கை அது. கம்யூனிட்டி கல்லூரிகளில் பகுதிநேர ஆசிரியர்கள் அதிகம், அவர்களுக்குப் பயிற்சி நாளுக்குச் சம்பளம் கொடுக்காமல் 'மாறிக்கொள்ளுங்கள்' என்றால் மாறாது. துரிதப் பாதை சரியாக ஓடாத இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

சட்டம் வந்தபிறகு

கலிபோர்னியா 2017ல் ஏபி 705 என்ற சட்டத்தை இயற்றியது. ஒரு வருடத்துக்குள் கல்லூரித் தரக் கணக்கையும் ஆங்கிலத்தையும் முடிக்கும் வாய்ப்பு எந்த வழியில் அதிகமோ, அந்த வழியில்தான் மாணவரைச் சேர்க்க வேண்டும். பள்ளி மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. 2019 இலையுதிர் செமஸ்டருக்குள் எல்லாக் கல்லூரிகளும் இதற்கு மாற வேண்டியிருந்தது. சில வருடங்களுக்கு முன் முதன்முறை கணக்கு எடுக்கும் மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் நேராகக் கல்லூரிப் பாடத்தில் உட்கார்ந்தார். 2019ல் நான்கில் மூவருக்கு மேல்.

உடனே ஆசிரியர் அறைகளில் புகார் எழுந்தது: 'என் புள்ளியியல் வகுப்பில் முன்னைவிட அதிகம் பேர் ஃபெயில் ஆகிறார்கள்.' புகார் பொய்யில்லை. மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஏணியில் புள்ளியியல் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் 18 பேர், அதில் 12 பேர் பாஸ், ஃபெயில் 6. இப்போது 100 பேரும் நேராக வந்து 55 பேர் பாஸ் ஆனால் ஃபெயில் 45. ஆசிரியர் கண்ணில் படுவது ஆறு நாற்பத்தைந்தானதும், தேர்ச்சி விகிதம் எழுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறங்கியதும்தான். பன்னிரண்டு பேர் ஐம்பத்தைந்து பேரானது அந்த அறையிலிருந்து தெரியாது. முன்பு காணாமல்போன 82 பேர் அந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டில் ஏறியதே இல்லையே! அதற்காக அந்த 45 பேரைக் கணக்கில் விட்டுவிட முடியாது. இரண்டாம் முறை எடுப்பவர்களுக்கு என்ன உதவி, துணை வகுப்பு போதுமா என்பதெல்லாம் இன்னும் தீராத வேலைகள்.

இன்னொரு ஆட்சேபம் எனக்குக் கனமாகவே படுகிறது. புள்ளியியல் பாதையில் ஏறியவர் நடுவில் மனம் மாறிப் பொறியியல் படிக்க ஆசைப்பட்டால், விட்டுவந்த இயற்கணிதம் முழுவதும் முன்னால் வந்து நிற்கும். பதினெட்டு வயதில் எல்லோருக்கும் தன் பாதை தெரிந்திருக்காது. வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவருக்கு அதை எடுத்துச் சொல்ல ஆளும் இருக்காது. சேர்க்கையின்போது பக்கத்தில் உட்கார்ந்து, 'இது எந்தப் படிப்புகளுக்குச் செல்லும், எவற்றுக்குச் செல்லாது' என்று விளக்கும் ஆலோசகர் இல்லாமல் இந்தப் பாதையைத் திறந்துவைப்பது அரைகுறை வேலை.

2022ல் வந்த ஏபி 1705 அதே தர்க்கத்தைக் கால்குலஸ் பக்கமும் கொண்டுபோயிருக்கிறது. அறிவியல், பொறியியல் மாணவர்களை இடையிலுள்ள தயாரிப்பு வகுப்புகளில் நிறுத்தாமல், முடிந்தவரை நேராகக் கால்குலஸில் துணை வகுப்போடு சேர்க்கும் திசையில் கல்லூரிகள் போகின்றன. கணக்குப் பேராசிரியர்கள் பலர் எதிர்க்கிறார்கள். இங்கே இரண்டையும் ஒன்றாகப் போட்டு எடைபோடக் கூடாது என்று நினைக்கிறேன். படிகள் கூடினால் ஆட்கள் உதிர்வார்கள் என்பது கால்குலஸுக்கும் பொருந்தும், பெருக்கல் எல்லா இடத்திலும் பெருக்கல்தான். ஆனால் பின்னோக்கிப் பட்டியல் போட்டால் விடை வேறாக வரும். காரணிப்படுத்துவதும் விகிதமுறு கோவையும் மடக்கையும் புள்ளியியல் வகுப்பில் எட்டிப் பார்க்காதவை, கால்குலஸ் வகுப்பிலோ தினமும் வேண்டியவை. அவற்றைப் பக்கத்தில் ஒரு துணை வகுப்பில் எத்தனை மணி நேரத்துக்குள் அடைக்க முடியும் என்பதைப் பொறுத்தது அந்த முயற்சி. புள்ளியியல் பாதையின் வெற்றியைக் காட்டி அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிட முடியாது.